சான்று தேடும் தாதி

பெரகலச் சந்தியிலே கொழும்பு வீதி இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறும். மற்றது கொஸ்லாந்தை வழியே வெல்லவாயாவுக்கு இறங்கும். அச்சந்தியைச் சூழ்ந்த தோட்டமொன்றிலே, பிறந்து நான்கு நாளான சிசுவைத் தாதி ஒருத்தி பார்க்கச் செல்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். “தொப்புளுக்கு என்ன மருந்து போடுறது, மிஸ்ஸி?” என்கின்றாள் பாட்டி.

சிறிய வினாவன்று. கொப்பூழ்க்கொடியின் வழியே கிருமி உட்புகுந்தால் சிசு இறத்தலுங் கூடும். தாதி பயிற்சிக் காலத்திற் கேட்டதை ஒப்புவிக்கலாம். அன்றி, இன்று உலகம் அறிந்திருப்பதைத் தேடிப் பார்க்கலாம்.

முற்காலத்தில் இத்தேடலுக்கு, அமெரிக்காவிலே 1879இல் தொடங்கிய ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் பெருஞ் சுட்டித் தொகுதிகளைப் புரட்டவேண்டும். கல்லூரி நூலகத்தில் அட்டைப் பெட்டிகளைக் கிளறிய பழைய மாணவர் அத்துன்பத்தை அறிவர். அதன் வழித்தோன்றலாகிய ‘பப்மெட்’ 1997 முதல் எவர்க்கும் இலவசம். கைத்தொலைபேசியிலேயே மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் கிடைக்கும். தாதியியலுக்கெனச் ‘சினால்’ என்னும் தரவுத்தளமும் உண்டு. அதற்குச் சந்தா வேண்டும்.

வினாவை அப்படியே எழுதினால் பயனில்லை. அதனைப் பிரித்தல் வேண்டும்: யாருக்கு? புதிதாய்ப் பிறந்த சிசுவுக்கு. எது? குளோரெக்சிடின் மருந்து. எதனோடு ஒப்பிட்டு? எதுவும் பூசாது உலரவிடுதலோடு. என்ன விளைவு? கிருமித்தொற்று, மரணம். ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்களை ‘ஓர்’ என்னும் ஆங்கில இணைப்பினாலும், வெவ்வேறு கூறுகளை ‘அண்ட்’ என்பதனாலும் தொடுத்தல் முறை. முன்னது வலையை விரிக்கும், பின்னது சுருக்கும். கொப்பூழ்த் தொற்றினை ஆய்வாளர் ‘ஓம்பலைற்றிஸ்’ என்றும் எழுதுவர். அச்சொல்லை மறந்தவர்க்கு நல்ல கட்டுரைகள் பல அகப்படா.

தேடினால் 2006இல் வெளிவந்த நேபாள ஆய்வு முதலில் கண்ணைக் கவரும். சர்லாஹி மாவட்டத்திலே, பிறந்து 24 மணி நேரத்துக்குள் இம்மருந்து பூசப்பட்ட சிசுக்களிடையே மரணம் 34 வீதம் குறைந்தது. இதைக் கண்டவுடன் மருந்துப் போத்தலைத் தேடி ஓடுவோர் உளர். நான் அஞ்சுவது அந்த அவசரத்தையே. சாம்பியாவிலும் தன்சானியாவிலும் நடந்து 2016இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளில் மரணம் குறையவில்லை. இத்தகைய முரண்களை ஒருங்கே நிறுத்து நோக்குவதற்கென்றே 1993இல் கொக்ரேன் அமைப்பு தோன்றிற்று. ஆதலால் அதன் தொகுப்பாய்வுகளை முதலில் நாடுவது நன்று.

இனி இடத்தை நோக்குவோம். சர்லாஹிச் சிசுக்களிற் பெரும்பாலானவை வீட்டிலே பிறந்தவை. இலங்கையிலோ ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளில் நிகழ்கின்றன. லயத்து அறையிலே பிள்ளை பெற்ற காலம் போயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2014இல் இம்மருந்தை விதந்துரைத்தது, ஆயிரம் பிறப்புக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட சிசுக்கள் முதல் மாதத்தில் இறக்கும் இடங்களின் வீட்டுப் பிரசவங்களுக்கே. இங்கு அத்தொகை பத்துக்கும் குறைவு. அந்நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியோ, தீங்கு தரும் பொருள்களைக் கொப்பூழிற் பூசும் வழக்கம் மிக்க இடங்களுக்கு மட்டும் மருந்தைக் கூறி, ஏனையோர்க்குச் சுத்தமாய் உலரவிடுமாறே சொல்கின்றது.

ஆகவே தாதி பாட்டிக்குச் சொல்லத்தக்கது இதுவே: “கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க, ஆச்சி. தொப்புளை ஈரமில்லாம வைங்க. எதையும் பூசவேணாம். சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, புள்ள பால் குடிக்காட்டியோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க.”