குளிர்காலக் காற்றில் பாய் சிறுப்பது ஏன்?

ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் தாழ்ந்து கிடக்கும் டைரீ தீவில் குளிர்காலப் பெருங்காற்று எழுந்ததும், பலகையில் பாய் விரித்து அலைமேல் ஓடும் வீரர்கள் பெரிய பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, 4 சதுர மீட்டர் அளவான சிறு பாய்களையே நாடுவது ஏன்?

பாயின்மீது காற்று செலுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்தை அனுசரித்துப் பெருகுவது. ஆதலால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று 60 ஆகுமாயின், விசை நான்கு மடங்காகிவிடும். குளிரும் இதற்குத் துணைபுரிகிறது: 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோகிராம், 0 டிகிரியிலோ 1.29.

இவ்விசையைத் தாங்குவது எப்படி? இடுப்புவாரின் கொக்கியைப் பாயின் கைப்பிடிக் கழியில் தொங்கும் கயிற்றில் மாட்டி, காற்று வரும் திசையில் உடலைச் சாய்த்து, வீரன் தன் எடையாலேயே பாயைச் சமன்செய்கிறான். மனித எடைக்கு எல்லை உண்டாதலின், பாயின் பரப்பே குறைய வேண்டியதாகிறது. அச்சிறு பாயிலும் போதிய விசை கிடைத்தவுடன், பலகை நீரைப் பிளந்து செல்வதை விடுத்து, அதன்மேல் வழுக்கிப் பாய்கிறது.

குளிர்நீரில் விரல்கள் விரைவில் மரத்துப்போகுமாதலால், ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு கூட்டமாக இறங்குவதே இவ்விளையாட்டின் உத்தம தர்மம்.