துரை பங்களா கோப்பை: பேப்பர்காரரிடம் போடும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

தஞ்சோங் காராங் - தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ குடிபோகும்போது, சில குடும்பங்களின் அலமாரி மூலையிலிருந்து ஒரு பொருள் வெளியே வரும். மெல்லிய வெள்ளைக் கோப்பை, விளிம்பில் பொன்கோடு, பக்கவாட்டில் ரோஜாப்பூ. சாஸர் இருக்கும், ஜோடிக் கோப்பைகள் இருக்கா. "துரை பங்களாவுல இருந்தது" என்று பாட்டி சொல்வார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

பழைய பேப்பரும் இரும்பும் வாங்க வருபவர் அதை மற்ற சாமான்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதே மாதிரி கோப்பைகளை இணைய ஏலத்தில் பணம் கட்டி வாங்குகிறவர்களும் உண்டு. அதில் ஏமாறுகிறவர்களும் உண்டு. விற்பவரானாலும் வாங்குபவரானாலும், கையில் இருப்பது என்னவென்று தெரிந்திருந்தால் பாதி இழப்பைத் தவிர்க்கலாம்.

பங்களாவுக்கு வந்த வழி

கோலசிலாங்கூர் மாவட்டம் தோட்டத் தொழிலின் பழைய மண். நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நடப்பட்டது. அதை நட்டவர் ஹென்றி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் விருதைப் பெற்றது. ஆனால் பெரும்பாலான தோட்டங்கள் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையில் இருந்தன. துரைமார்கள் வாழ்ந்ததும் அந்த நாட்டு முறையில்தான். காலையிலும் மாலையிலும் தட்டில் வைத்த டீபாட், பால் ஜக், சீனிக் கிண்ணம், சாஸரோடு கோப்பை.

இவற்றைச் சிலர் கப்பலில் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த ராபின்சன்ஸ், வைட்அவேஸ் போன்ற கடைகளில் வாங்கினார்கள். அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்கியவர்கள் பங்களாவில் வேலை செய்த நம் ஆட்கள். அவர்கள் தேத்தண்ணி குடித்தது சமையல்கட்டுக்குப் பின்னால், தகர மங்கில்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கே கரையிறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. துரைமார்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். பங்களா சாமான்கள் பல கைகளுக்குப் போயின. போருக்குப் பின் திரும்பி வந்தவர்கள், 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது மறுபடியும் மூட்டை கட்டினார்கள். தோட்ட மக்கள் தாங்களே தோட்டம் வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய காலம் அது. கப்பலில் ஏற்ற முடியாத பொருள்களை வேலைக்காரர்களுக்கும் கிராணிமார்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு முழு செட் ஒரே வீட்டில் கிடைப்பது அரிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பில் செய்த பீங்கான்

ஆங்கிலப் பீங்கானின் தாய்வீடு இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் டிரெண்ட் நகரம். அதன் சுற்றுவட்டாரத்தில் களிமண்ணும் நிலக்கரியும் இருந்ததால் நூற்றுக்கணக்கான சூளைகள் எழுந்தன. ஜோசையா வெட்ஜ்வுட் அங்கே 1759இல் சொந்தத் தொழில் தொடங்கினார். ஸ்போட், மின்டன், ராயல் டால்டன், ராயல் ஆல்பர்ட் ஆகிய பெயர்களும் அந்த ஊரோடு சேர்ந்தவையே.

சீனர்களின் பீங்கானுக்கு ஈடாக எதையாவது செய்ய வேண்டும் என்று ஆங்கிலேயர் நெடுநாள் முயன்றார்கள். 1790களில் ஸ்போட் நிறுவனம் மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, வெள்ளைக் களிமண்ணோடும் கல்தூளோடும் கலந்து, ஒரு நல்ல கலவையை நிலைநிறுத்தியது. ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல். இதுதான் 'போன் சைனா'. பால் நிறம், மெல்லிய சுவர், எளிதில் உடையாத உறுதி ஆகிய மூன்றும் அந்தச் சாம்பலால் வருபவை.

சைவம் கடைப்பிடிக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 'போன் சைனா' என்று அச்சிட்ட எந்தப் பாத்திரத்திலும், அது புதியதானாலும், எலும்புச் சாம்பல் இருக்கும். பூசைக்கும் விரதச் சமையலுக்கும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் சாதாரணப் பீங்கானையோ மண்பாண்ட வகையையோ எடுத்துக்கொள்ளலாம். கண்டுபிடிக்க எளிய வழி: விளக்குக்கு முன்னால் கோப்பையைப் பிடித்து, பின்பக்கம் விரல்களை அசைத்துப் பாருங்கள். போன் சைனாவில் விரல் நிழல் தெரியும், வெளிச்சம் இளமஞ்சளாக இருக்கும். தடித்த மண்பாண்ட வகையில் ஒன்றும் தெரியாது.

நம் பக்கத்துக்கென்றே செய்த தட்டுகள்

பங்களாவுக்கு வெளியேயும் பிரிட்டிஷ் பீங்கான் புழங்கியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்த ஜே அண்ட் எம் பி பெல் கம்பெனி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்கிழக்கு ஆசியச் சந்தைக்கென்றே தட்டுகள் செய்தது. 'பூரோங் கூப்பு', 'பூவா நானாஸ்' என்று மலாய்ப் பெயர்களையே வடிவங்களுக்கு வைத்தது. கம்பத்து வீடுகளில் கெண்டூரிக்கு எடுக்கும் பழைய தட்டுகளில் இவையும் இருந்தன. வேலைப்பாடு எளிமையானதுதான். ஆனால் இந்த வட்டாரத்துக்கென்று செய்தவை என்பதால் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுகிறார்கள். தட்டு பழையதாகத் தெரிகிறது என்று வாசலில் பூனைக்குச் சோறு வைக்கும் முன் அதன் அடியையும் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒத்த கதை செட்டிநாட்டுடையது. மலாயாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த நகரத்தார், ஐரோப்பியப் பீங்கானையும் எனாமல் பாத்திரங்களையும் பெட்டி பெட்டியாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து, கல்யாணத்தில் பரப்பி வைத்தார்கள். பிற்காலத்தில் குடும்பங்கள் பிரிந்தபோது பங்கு போடப்பட்ட பல சாமான்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் அவற்றை விலை பேசி வாங்குகிறார்கள்.

அடியில் இருக்கும் முத்திரை

கோப்பையின் வயது அதன் பூவில் தெரியாது. கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். கவனிக்க வேண்டியவை இவை:

• வைர வடிவ முத்திரை இருந்தால், அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பிரிட்டனில் பதிவு செய்யப்பட்டது.

• 'ஆர் டி நம்பர்' என்று எண் இருந்தால், பதிவு 1884க்குப் பிந்தையது. ஒன்றில் தொடங்கிய அந்த எண், 1900இல் மூன்றரை இலட்சத்தைத் தொட்டது.

• 'இங்கிலாந்து' என்ற நாட்டுப் பெயர் பரவலானது 1891இலிருந்து. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதால் வந்த பழக்கம் அது.

• 'மேட் இன் இங்கிலாந்து' என்றோ 'போன் சைனா' என்றோ இருந்தால், அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பொருள். விற்பவர் "150 வருசம் பழசு" என்றால் நம்ப வேண்டாம்.

• 'டிஷ்வாஷர்', 'மைக்ரோவேவ்' போன்ற சொற்கள் இருந்தால் அது நம் காலத்துப் பொருள்.

முத்திரையில் காணும் ஆண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ராயல் ஆல்பர்ட்டின் 'ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்' என்ற சிவப்பு மஞ்சள் ரோஜா வடிவம் 1962இல் வந்தது. பல உருப்படிகளின் அடியில் 1962 என்று அச்சாகியிருக்கும். அது வடிவத்துக்கான உரிமை ஆண்டு. கோப்பை செய்த ஆண்டு அன்று. அதே வடிவம் பிற்காலத்தில் இந்தோனேசியாவிலும் செய்யப்பட்டது. உலகில் மிக அதிகமாக விற்ற வடிவங்களில் அதுவும் ஒன்று என்பதால், அழகாக இருந்தாலும் அரிய பொருள் அன்று.

பெயரையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். வெட்ஜ்வுட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் 'ஜி'க்குப் பிறகு 'இ' கிடையாது. அங்கே ஓர் 'இ' கூடுதலாக இருந்தால் அது ஜோசையாவின் நிறுவனத்துடையது அன்று.

ஏலத்தில் பணம் போகும் இடம்

ஏலத்தில் கேட்ட விலையும் கையிலிருந்து போகும் விலையும் வேறு வேறு. ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்து ஏலக் கடை ஒன்றில் ஒரு செட் 100 பவுனுக்கு உங்கள் பெயரில் முடிகிறது. கடையின் வாங்குவோர் கட்டணம் 25 விழுக்காடு என்றால் 25 பவுன். அந்தக் கட்டணத்தின் மீது 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி என்றால் இன்னும் 5 பவுன். பொட்டலம் கட்டும் முன்பே 130 பவுன் ஆகிவிட்டது. பீங்கானைப் பத்திரமாகக் கட்டி மலேசியாவுக்கு அனுப்பும் செலவு, செட்டின் விலையைவிட அதிகமாவதும் உண்டு.

அதற்குப் பின் நம் நாட்டு வரி. 2024 ஜனவரி 1 முதல், இணையம்வழி வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதைவிட விலை கூடினால் சுங்கத்துறையின் வழக்கமான வரிகள் பொருந்தும். கை தூக்கும் முன் எல்லாவற்றையும் கூட்டி, அதிகபட்சத் தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதே பழகியவர்களின் வழக்கம்.

விவரக் குறிப்பில் 'ஏ எஃப்' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், 'இருக்கிற நிலையில்' என்று பொருள். விரிசலோ ஒட்டோ இருக்கிறது, பிறகு புகார் சொல்ல முடியாது என்பதற்கான எச்சரிக்கை அது. எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 21 உருப்படி டீ செட் என்றால் பொதுவாக 6 கோப்பை, 6 சாஸர், 6 சிறு தட்டு, ஒரு பெரிய தட்டு, ஒரு பால் ஜக், ஒரு சீனிக் கிண்ணம். கணக்கில் டீபாட் இல்லை. அது தனியாக வாங்க வேண்டிய பொருள்.

முகநூல் நேரலை ஏலத்தில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. அடிப்பாகம், கைப்பிடி சேரும் இடம், உள்விளிம்பு ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பணம் கட்டிய பின் ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால், தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை, பினாங்கு லோரோங் கூலிட், மலாக்கா ஜோங்கர் தெரு ஆகிய இடங்களில் பழம்பொருள்கள் கிடைக்கும்.

நேரில் பார்க்கும்போது, கோப்பையை உள்ளங்கையில் நிறுத்தி விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. மொத்தென்று ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. புற ஊதாக் கைவிளக்கில் பார்த்தால், பசையும் புதுப் பூச்சும் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும்.

குடிக்கலாமா?

பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருந்திருக்கலாம். மெருகு வலைபோல் வெடித்திருந்தாலோ, பூ வேலை தேய்ந்திருந்தாலோ, அதைக் காட்சிக்கு மட்டும் வைப்பதே பாதுகாப்பு. ரசம், ஊறுகாய், எலுமிச்சைத் தேநீர் போன்ற புளிப்பான எதையும் பழைய பீங்கானில் வைக்கக் கூடாது. புளிப்பு ஈயத்தை இழுத்துவிடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் பரிமாற வேண்டாம். பொன்கோடு இருந்தால் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. இளஞ்சூட்டு நீரில் கையால் கழுவினால் போதும்.

விலையைவிடப் பெரியது

உண்மையைச் சொல்வதானால், பாட்டி வீட்டு ஒற்றைக் கோப்பைக்குப் பெரும்பாலும் பெரிய விலை கிடைக்காது. பிரிட்டனிலேயே டீ செட்டுகளின் மதிப்பு இறங்கிவிட்டது. இளையவர்கள் அவற்றைப் புழங்குவதில்லை. ஸ்போட் 2008 இறுதியிலும் வெட்ஜ்வுட் 2009 தொடக்கத்திலும் நொடித்துப்போயின. வெட்ஜ்வுட் நிறுவனத்தின் ஓய்வூதியக் கடனுக்காக அதன் அருங்காட்சியகச் சேகரிப்பே ஏலத்துக்குப் போகும் நிலை வந்தது. 2014இல் பொதுமக்களும் அறநிறுவனங்களும் 1 கோடியே 57 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் திரட்டி அதை மீட்டார்கள். உடைந்த துண்டும் பழைய கணக்கேடும் அதில் அடக்கம். தங்கள் ஊரின் உழைப்பு அதில் இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள்.

வடசிலாங்கூர்த் தோட்டங்களில் பங்களாக்கள் இடிந்தும் லயங்கள் மறைந்தும் வருகின்றன. பங்களாவில் வேலை செய்த தலைமுறையினர் சிலரே இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பங்களாவில் யார் என்ன வேலை பார்த்தார், கோப்பை எப்படி வீட்டுக்கு வந்தது என்பதை அவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கோப்பைக்குள் வையுங்கள். கைப்பேசியில் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்தாலும் சரி. விற்பதானால் அதன் பிறகு விற்கலாம். அந்த விவரம் இருந்தால் வாங்குபவரும் கூடுதல் மதிப்புக் கொடுப்பார். விற்காவிட்டால், பேரப்பிள்ளைகளுக்குக் கோப்பையோடு கதையும் கிடைக்கும்.