பிறந்த ஊருக்கு விருந்தாளி



அண்மையில் செந்தூலில் நண்பர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தோம். நண்பரின் தாய்மாமன் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வணக்கம் சொல்லி, "எந்த ஊருங்க ஐயா?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். "கோலசிலாங்கூர் பக்கம் தோட்டம், தம்பி. நான் இங்க பொறந்தவன்" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. அன்று மாலை முழுவதும் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர் கதை ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. நம் தோட்டங்களில் பல லயங்களைக் காலி செய்த கதை அது. நம் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

1957ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, வெளியிலிருந்து வந்து இங்கே வாழ்ந்தவர்கள் பதிவு செய்து குடியுரிமை பெற வழி இருந்தது. முதல் ஓராண்டில் மனுச் செய்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து கூட விலக்கு இருந்தது. ஆனாலும் நம்மவர்களில் பலர் மனுச் செய்யவில்லை. எழுதப் படிக்கத் தெரியாமை ஒரு காரணம். பிறப்புப் பத்திரம் இல்லாமை இன்னொன்று. வேலையை விட்டுப் பட்டணத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு என்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே, 'என்றைக்கு இருந்தாலும் ஊருக்குப் போகப் போறவங்கதானே' என்ற நினைப்பு.

பெரியவரின் தகப்பனாரும் அப்படித்தான். 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்படும் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னபோது, "ஊருக்குப் போறவனுக்கு இங்க எதுக்குப் பங்கு?" என்று கேட்டாராம்.

பிறகு 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் வேண்டும் என்றது. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அது கண்டிப்பாக அமலானது. இருபது முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய சிவப்பு ஐசிக்காரர், திடீரென்று பெர்மிட் இல்லாத அந்நியராகிவிட்டார். அந்தச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

1970ல் பெரியவருக்கு வயது பதினேழு. தாயோடு நிரை பிடித்து மரம் சீவிக்கொண்டிருந்தவர். அக்காவை மட்டும் செந்தூல் ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவருக்கு முன்பே கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை குடியுரிமை பெற்றவர். அதனால் அக்கா தங்கினார். மற்றவர்கள் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார்கள். ரெண்டு தகரப் பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு சைக்கிள்.

"அப்பா ஊருக்குத் திரும்புனார். நானும் தம்பிகளும் எங்க திரும்புனோம்? நாங்க அந்த ஊரப் பார்த்ததே இல்லியே!" என்றார் பெரியவர்.

தகப்பனார் முப்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த ஊர் அங்கே இல்லை. அவர் பங்கு நிலத்தை உறவினர் உழுதுகொண்டிருந்தார்கள். கேட்டபோது மனஸ்தாபம் வந்தது. மலாயாவிலிருந்து வந்தவனிடம் பொன்னாகக் கொட்டிக் கிடக்கும் என்று கடன் கேட்டவர்கள் பலர். ரெண்டே ஆண்டில் சேமநிதி கரைந்தது. பிறகு சைக்கிள் போயிற்று, தையல் மிஷினும் போயிற்று.

பிள்ளைகளுக்குப் பட்ட அடி வேறு. நம் தோட்டத்திலும் சாதி இல்லாமல் இல்லை. கல்யாணத்திலும் கோயில் காரியத்திலும் தலைகாட்டும். ஆனாலும் ஒரே பைப்பில் தண்ணீர், ஒரே பெரட்டு, ஒரே தோட்டப் பள்ளி. அங்கேயோ முதல் கேள்வியே 'எந்தத் தெரு?' என்பதுதான். டீக்கடையில் ஆளுக்கொரு தினுசு கிளாஸ் வைத்திருந்ததைப் பார்த்துத் தம்பி ஏன் என்று கேட்டானாம். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. அம்மா வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்தார். 'பாசார்', 'ரோத்தி' என்று வாயில் வந்ததைக் கேட்டுத் தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வீட்டுக்கு இன்றுவரை 'மலாயாக்காரன் வீடு' என்றே பெயர்.

"இங்க இருந்தப்போ நாங்க இந்தியாக்காரன். அங்க போனதும் மலாயாக்காரன். தமிழன்னு மட்டும் எவனும் சொல்லல தம்பி."

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலங்கை மலையகத்து நம் மக்களைப் பாருங்கள். 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். யாரையும் கேட்டு எழுதவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. அங்கேயும் அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்றுதான் பெயர். 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பியவர்களில் சிலர் தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல், தரைவழியாக மறுபடி பர்மாவுக்கே போகப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்களும் கோயிலும் உண்டு.

பெரியவர் அங்கே கூலி வேலை, கொத்து வேலை செய்து, கல்யாணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கினார். அக்காவோடு உறவு நீல நிறக் கடிதத் தாளில் ஓடியது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்று ஆனபிறகு, மகன் டிக்கெட் எடுத்துக் கொடுக்க, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பிறந்த மண்ணை மிதித்தார்.

இங்கேயும் அவருக்கு அதிர்ச்சிதான். செந்தூலில் மாமா வேலை பார்த்த பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பலகை வீடுகள் இருந்த பக்கம் மாடி மாடியாக எழும்பியிருக்கிறது. அக்காவின் பேத்தி, "தாத்தா, நீங்க பேசுற தமிழ் படத்துல வர்ற மாதிரி இருக்கு" என்றதும் அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அங்கே போனபோது இவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். இங்கே வந்தாலும் அதேதானா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரும் நாமும் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். பால்மரம் ஒன்றும் இல்லை. எல்லாம் செம்பனை. பழைய லயம் இருந்த இடத்தை மண்மேட்டை வைத்து அடையாளம் கண்டார். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. புதிய குடியிருப்பில் இந்தோனேசியத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் சட்டை துவைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு வாலிபனிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தார். ஐம்பது ஆண்டாகியும் அந்த மொழி மறக்கவில்லை.

திரும்பும்போது கேட்டார்: "அந்தப் பையனுக்கும் பெர்மிட்தானே?"

"ஆமாங்க ஐயா."

"பாவம். முடிஞ்சா போகச் சொல்லிருவாங்க. அவன்கிட்ட நல்லபடியா நடந்துக்கங்க தம்பி."

சங்க வேலை செய்யும் நமக்கு இதைவிடப் பெரிய பாடம் ஒருவரும் சொன்னதில்லை. 'இவன் வந்து நம் வேலையைக் கெடுத்தான்' என்று பேசும் தோழர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குறைந்த கூலிக்கு ஆள் எடுப்பவனை விட்டுவிட்டு, எடுக்கப்பட்டவனை ஏசுவதில் பயனில்லை. 1969ல் அந்த இடத்தில் நின்றவர்கள் நாம்தான்.

இன்னொரு பாடம் காகிதம் பற்றியது. இன்றும் சிவப்பு ஐசியோடு மூப்படைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு காகிதமும் இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டினால் போதாது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிவது கட்டாயம். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைத்தான் பார்க்கும். தாய் வெளிநாட்டவராகவோ காகிதம் இல்லாதவராகவோ இருந்தால், தகப்பன் நீல ஐசிக்காரனாக இருந்தும் பிள்ளை தெருவில் நிற்கும். இன்று இரவே பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரம் இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம், சங்கத்துக்கு வாருங்கள். மனு எழுத நாம் உதவுகிறோம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற ஒரு சொல்தான் பெரியவரின் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றியது.

முப்பதாம் நாள் வந்தது. விமான நிலையத்தில் அக்காவும் தம்பியும் அதிகம் பேசவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். "அடுத்த வருஷம் வா" என்றார். "ரெண்டு பேரும் இருந்தா பார்ப்போம்க்கா" என்றார் அவர். கையில் ஒரு பொட்டலம். தோட்டத்துக் கோயிலடியில் அள்ளிய மண்.

"ஊருக்குப் போயிட்டுக் கடுதாசி போடுங்க ஐயா" என்றோம், வாய்தவறி.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.