ஆடாத கோபுரம் என்று நான் சொன்னது தப்பு!



போன மாசம் அறிவியல் வகுப்பில் சார் ஒரு கேள்வி கேட்டார். "ரொம்ப உயரமான கட்டடம் காத்துல ஆடுமா, ஆடாதா?" நான் டக்கென்று எழுந்து, "ஆடாது சார், ஆடினா விழுந்துடும்" என்றேன். பாதி வகுப்பு என் பக்கம் கை தூக்கியது. சார் சிரித்தார். "ஷாங்காய் டவரைப் பத்திப் படிச்சிட்டு வா. அடுத்த சுவர் இதழ்ல நீயே எழுது" என்றார்.

படித்தேன். நான் சொன்னது தப்பு. என்னை நம்பிக் கை தூக்கியவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

எங்கே இருக்கிறது?

சீனாவின் ஷாங்காய் நகரத்தில், ஹுவாங்பு ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் பகுதி புடோங். அதில் லுஜியாசுய் என்ற இடம் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் நிறைந்த வணிக மையம். புடோங்கை வளர்க்கும் திட்டத்தை சீன அரசு 1990-ல்தான் அறிவித்தது. இன்று அங்கே மூன்று கோபுரங்கள் பக்கத்து பக்கத்தில் நிற்கின்றன. 1999-ல் வந்த ஜின் மாவோ 420 மீட்டர். 2008-ல் வந்த உலக நிதி மையம் 492 மீட்டர். மூன்றாவதுதான் நம்ம ஷாங்காய் டவர். உயரம் 632 மீட்டர், 128 மாடிகள்!

2008-ல் வேலை தொடங்கி 2015-ல் முடிந்தது. வடிவமைத்தது கென்ஸ்லர் என்ற அமெரிக்க நிறுவனம். கட்டி முடித்தபோது உலகிலேயே இரண்டாவது உயரமான கட்டடம் இது. மலேசியாவில் மெர்டேக்கா 118 (679 மீட்டர்) வந்த பிறகு மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. முதலிடம் துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கு (828 மீட்டர்).

ஒரு கட்டடமா, ஒன்பது ஊரா?

இதை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கீழே கடைகள். அதற்கு மேலே அலுவலகங்கள். இன்னும் மேலே 2021-ல் திறந்த ஹோட்டல். 118-வது மாடியில், 546 மீட்டர் உயரத்தில், ஊரைப் பார்க்கும் தளம். எனக்கு ரொம்பப் பிடித்தது 52-வது மாடிதான். அங்கே 2019-ல் ஒரு புத்தகக் கடை திறந்திருக்கிறார்கள். தரையிலிருந்து 239 மீட்டர் உயரத்தில் புத்தகம் வாங்கலாம்!

கட்டடத்துக்குக் கண்ணாடிச் சுவர் ஒன்றல்ல, இரண்டு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நடுவில் காற்று. தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி, வெயிலும் குளிரும் நேராக உள்ளே போகாது. அந்த இடைவெளியில் செடிகள் வைத்துத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. இடைவெளிக்குப் போகிற இடத்தை வாடகைக்கு விட முடியாது இல்லையா?

தீப்பிடித்தால் நூறு மாடி படி இறங்க முடியுமா? அதுக்காகவே ஒவ்வொரு பகுதிக்கும் பாதுகாப்புத் தளம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தளம் வரைக்கும் இறங்கினால் போதும், அங்கே ஒதுங்கி நிற்கலாம். ஏறுவதற்கு லிஃப்ட் இருக்கிறது. அதிவேக லிஃப்ட் வினாடிக்கு 20.5 மீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்க, மணிக்கு கிட்டத்தட்ட 74 கிலோமீட்டர்!

சேற்று மண்ணில் எப்படி நிற்கிறது?

ஷாங்காயின் மண் ஆறு கொண்டுவந்து போட்ட மென்மையான களிமண். தோண்டினால் பாறை சீக்கிரம் கிடைக்காது. அதனால் நூற்றுக்கணக்கான தூண்களை ஆழமாக மண்ணுக்குள் இறக்கி, அதன் மேல் 6 மீட்டர் கனத்தில் கான்கிரீட் மேடை போட்டார்கள். நம்ம வகுப்பறைகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வரும் உயரம் அது. 60 மணி நேரத்துக்கு மேல் ராத்திரி பகலாக, நிறுத்தாமல் ஊற்றினார்கள். நடுவில் நிறுத்தினால் பழைய கான்கிரீட் இறுகிவிடும், புதுசு அதோடு சரியாக ஒட்டாது.

இப்போ என் தப்புக்கு வருகிறேன்

ஊஞ்சலை நினைத்துப் பாருங்க. சரியான நேரத்தில் மெதுவாகத் தள்ளினாலே அது உயர உயரப் போகும். காற்றும் அப்படித்தான். உயரமான கட்டடத்தைக் கடக்கும்போது இந்தப் பக்கம் ஒரு சுழல், அந்தப் பக்கம் ஒரு சுழல் என்று மாறி மாறி உண்டாக்கும். அந்தத் தாளமும் கட்டடம் ஆடும் தாளமும் ஒன்றானால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும்.

இதைத் தடுக்கத்தான் ஷாங்காய் டவரை முறுக்கிக் கட்டினார்கள். அடியிலிருந்து நுனிக்குள் 120 டிகிரி திரும்புகிறது. ஒவ்வொரு மாடியும் காற்றுக்கு வேறு வேறு முகம் காட்டுவதால் சுழல்கள் ஒரே தாளத்தில் சேர முடியாது. பத்து பேர் பத்து நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் ஆடுமா? அதே கதை! சாதாரணச் சதுரக் கோபுரத்தை விட காற்றின் சுமை 24 சதவீதம் குறைந்ததாம்.

குறைந்ததே தவிர ஆட்டம் நிற்கவில்லை. அதற்காக உச்சிக்குப் பக்கத்தில் 1,000 டன் எடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் எடை பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். எடையே அதிகமாக ஆடாமலிருக்க அதன் கீழே காந்தங்களும் செம்புத் தகடும் உண்டு. செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மெதுவாக விழுவதை லேபில் பார்த்தோமே, அதே தத்துவம்தான்.

இங்கேயும் நான் ஒரு தப்பு பண்ணினேன். அந்த எடை இல்லாவிட்டால் கோபுரம் விழுந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. கோபுரத்தைத் தாங்குவது நடுவிலுள்ள கான்கிரீட் பகுதியும் சுற்றியுள்ள பெரிய தூண்களும்தான். எடை எதற்கு என்றால், மேல் மாடியில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றாமல் இருக்க!

2024 செப்டம்பரில் பெபின்கா என்ற சூறாவளி ஷாங்காயில் கரை கடந்தது. 1949-க்குப் பிறகு அந்த நகரத்தைத் தாக்கியதிலேயே வலுவான சூறாவளி அது. கோபுரம் அப்படியே நிற்கிறது.

வகுப்பில் இதையெல்லாம் சொன்னபோது சார் ஜன்னலுக்கு வெளியே இருந்த தென்னை மரத்தைக் காட்டினார். "தினமும் பார்க்கிறியே, அது ஆடாம நிக்குதா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் என் பதிலை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: உயரமான கட்டடம் ஆடும். எவ்வளவு ஆடலாம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள்.

அன்றைக்குக் கை தூக்காத நண்பர்களே, நீங்க ஜெயிச்சீங்க! ஆனால் காரணம் தெரிந்துதான் தூக்காமல் இருந்தீங்களா என்று இன்டர்வெல்லில் வந்து சொல்லுங்க.