உங்களுக்குத் தெரியுமா? கோபமும் நான்கு வகைச் சிரிப்பும்

எல்லா நகைச்சுவையும் கோபத்தைத் தணிப்பதில்லை. கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட 32 கூற்றுகள் கொண்ட வினாநிரல், நகைச்சுவைப் பாணியை நான்காகப் பிரிக்கிறது: பிறரோடு சேர்ந்து சிரிப்பது, தன் இக்கட்டைத் தானே வேடிக்கையாகப் பார்ப்பது, அடுத்தவரைக் குத்திக் கலாய்ப்பது, பிறர் சிரிக்கத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. பின்னிரண்டு பாணிகளும் மிகுந்தவர்களிடம் பகையுணர்வும் முரட்டுத்தனமும் கூடுதலாகக் காணப்பட்டன. வியப்பளிப்பது கடைசி வகைதான். எல்லோரையும் சிரிக்க வைப்பவர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கலாம். (எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய ஆய்வு சொல்லாது.)

இந்த வேறுபாட்டை வேலையிடத்தில் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் பல மாவட்டத்தாரும் வடமாநிலத்தவரும் ஒரே ஷிப்டில், ஓயாத அசெம்பிளி லைனில் அருகருகே நிற்கிறார்கள். கம்பெனி பஸ் தாமதமானதைச் சொல்லி எல்லோரும் சிரித்தால் எரிச்சல் குறையலாம். சூப்பர்வைசர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் தமிழ் உச்சரிப்பைக் கிண்டலடித்தால் கதை வேறு. அந்தத் தொழிலாளியால் பதிலுக்குக் கலாய்க்க முடியாது. கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார். கோபம் தணியாமல் உள்ளே அடங்கி நிற்கலாம்.