கரையேறினால் சாகும் படகு

இங்கிலாந்தின் வடமேற்கில் அல்ஸ்வாட்டர் என்ற ஏரி இருக்கிறது. 1895-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் அங்கே ஒரு நீராவி லாஞ்சு மூழ்கிப்போனது. டாலி என்று பெயர். 1850 வாக்கில் கட்டிய மரப்படகு. 67 ஆண்டுகள் கழித்து, 1962-ல், அதை மேலே தூக்கினார்கள். பலகையும் எஞ்சினும் சீர்செய்யத் தக்க நிலையில் இருந்தன. டாலி மறுபடியும் நீராவியில் ஓடியது. ஒழுகும் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடக்கும் மரப்படகு இதில் பாதிக் காலம்கூடத் தாங்காது. பழைய லாஞ்சுகளை மீட்க விரும்புகிறவர்கள் பலரும் முதலில் செய்வது படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் காயவைப்பது. அடுத்து, பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதியதை வைப்பது. பெரும்பாலான படகுகளுக்கு இரண்டுமே கெடுதல். மரப்படகைக் காப்பாற்ற வேண்டுமானால் அது மிதக்க வேண்டும், ஓடவும் வேண்டும்.

மரத்தை உளுத்துப்போகச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. மரம் முழுக்க நீரில் ஊறியிருந்தால் உயிர்வளி போதாமல் அப்போதும் வளராது. இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து. அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பலகை திடமாக இருக்க, மேல்தளத்தின் மூலைகளும் பின்பலகையின் மேல்விளிம்பும் முதலில் உளுக்கின்றன. அங்கே தேங்குவது மழைநீர். கடல்நீரின் உப்பு பூஞ்சையை அடக்கிவைக்கும். மழைநீர் அப்படிச் செய்யாது. ஒரு பழைய லாஞ்சைச் சோதிக்கப் போகிறவர் அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கும் முன் தளத்தின் மூட்டுகளில் ஊசியால் குத்திப் பார்ப்பது நல்லது.

கடலில் கப்பல் புழு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது உண்மையில் புழு அல்ல, சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். வெதுவெதுப்பான உப்புநீரில் பலகையைச் சல்லடையாக்கிவிடும். ஆனால் செப்புத் தகடும் செம்பு கலந்த அடிப்பூச்சும் அதைத் தடுக்கும் என்பது பல தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம். பூச்சைக் காலத்தில் புதுப்பித்தால் போதும். காய்ந்து வெடித்த பலகைக்கு அத்தகைய எளிய மருந்து கிடையாது.

காய்தல் ஏன் அவ்வளவு கெடுதல்? மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சை மரம் முற்றிலும் காயும்போது அமெரிக்க வெள்ளை ஓக் வளையப் போக்கில் 10 சதவீதத்துக்கும் சற்று மேலே சுருங்கும். தேக்கு அதில் சுமார் பாதிதான். உலகெங்கும் படகுத் தச்சர்கள் தேக்கை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தகைய ஓக்கில் 15 சென்டிமீட்டர் அகலப் பலகை ஒன்றின் ஈரம் 20 சதவீதத்திலிருந்து 10-க்கு இறங்கினால், அறுத்த விதத்தைப் பொறுத்து 5 மில்லிமீட்டர் வரை அகலம் குறையும். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பலகை என்றால் கணக்கைப் பாருங்கள். பலகை இடுக்கில் பஞ்சும் சணலும் திணித்து அடைப்பதை நம் கடற்கரையில் கலப்பற்று என்பார்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல் அது. பலகை ஊறிப் பருத்துக் கலப்பற்றை இறுக்கும் என்று நம்பித்தான் படகே கட்டப்படுகிறது. காய்ந்த படகு கலப்பற்றைத் தளரவிடுகிறது. அந்த இடைவெளியில் கடினமான பசையை அடைத்துவிட்டுப் படகை நீரில் இறக்கினால், ஊறும் பலகைக்குப் போக இடமில்லாமல் ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும், படகின் விலா எலும்பான வங்குகள் முறியும்.

கண்ணாடியிழையும் எபாக்சியும் போர்த்திவிட்டால் ஒழுகவே ஒழுகாதே என்பது அடுத்த வாதம். காய்ந்த மரத்தை எல்லாப் பக்கமும் எபாக்சியில் மூடிக் கட்டிய புதுப் படகுகள் நன்றாகவே உழைக்கின்றன. அதை மறுக்க முடியாது. பழைய படகின் கதை வேறு. அதன் பலகை ஏற்கெனவே ஈரம் குடித்தது, ஆயிரம் ஆணித் துளைகள் உள்ளது. வெளியே போர்வை, உள்ளே மழைநீர் என்றால் பூஞ்சைக்கு வேண்டிய நடுத்தர ஈரத்தை நாமே அமைத்துக் கொடுத்ததாகும். துத்தநாகக் கட்டிகளும் இப்படித்தான். உலோகம் அரிக்காமல் இருக்க அளவுக்கு மீறி அவற்றை மாட்டினால், காப்பாற்றப்பட்ட போல்ட்டைச் சுற்றிக் காரம் உருவாகி மரத்தின் லிக்னினைக் கரைத்துவிடுகிறது. போல்ட் பளபளவென்று இருக்கும், அதைப் பிடித்திருந்த மரம் நார்நாராக நிற்கும்.

அருங்காட்சியகத்தில் உலர்ந்த காற்றில் வைத்தால் என்ன? ஸ்வீடனின் வாசா போர்க்கப்பலே இதற்குப் பதில். 1628-ல் மூழ்கி, கப்பல் புழு வாழ முடியாத பால்டிக் கடலில் 333 ஆண்டுகள் கிடந்து, 1961-ல் மேலே வந்தது. காய்ந்தால் சுருங்கி நொறுங்கும் என்பதால் பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலை 17 ஆண்டுகள் அதன்மீது தெளித்தார்கள். அப்படியும் மரத்துக்குள் தங்கிய கந்தகம் அமிலமாக மாறிக்கொண்டிருப்பது பிற்பாடு தெரியவந்தது. வாசாவுக்கு ஒரு நாடே செலவு செய்கிறது. ஒரு நாற்பதடி லாஞ்சுக்கு யார் செய்வார்கள்?

இனி எஞ்சின். கடல்நீரையே உறிஞ்சிக் குளிர்ந்துகொள்ளும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் ஒரு வஞ்சகமான கேடு உண்டு. இரும்பு கரைந்து வெளியேறிவிடும். கிராஃபைட் மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். பார்வைக்கு முழுமையாகத் தெரியும் வார்ப்பைக் கத்தியால் சுரண்டலாம். அத்தகைய எஞ்சினை மீட்க முயல்வது வீண், மாற்றத்தான் வேண்டும். ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய எஞ்சினை ஓடாமை கெடுக்கிறது. நின்றுபோன எஞ்சினில் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் வடிந்துவிடும், ஈரம் படிந்து பிஸ்டன் வளையங்கள் துருவில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதும் பயன் தராது. எரிப்பில் பிறந்த நீரும் அமிலமும் எண்ணெயிலேயே தங்கிவிடும். முழுச் சூடு ஏறும்வரை ஓட வேண்டும்.

புது டீசல் எஞ்சின் இலகுவானது, புகை குறைவு, சக்தி அதிகம் என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. புகையைப் பொறுத்தவரை பழைய எஞ்சினுக்காக வாதாட எனக்கு வழியில்லை. ஆண்டில் சில பத்து மணி நேரமே ஓடும் படகு என்பது மட்டுமே சொல்லக்கூடியது. சக்தி விஷயம் வேறு. நீரைக் கிழித்துப் போகும் லாஞ்சின் வேகத்தை அதன் நீர்க்கோட்டு நீளம் கட்டுப்படுத்துகிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் செய்த சோதனைகள் காட்டின. 25 அடி நீளமானால் எல்லை சுமார் 6.7 நாட். அதற்குமேல் ஊற்றும் குதிரைத்திறன் பெரும்பாலும் அலையை உயர்த்துவதில் போய்விடும். மெதுவாகச் சுற்றும் பழைய எஞ்சின், நிறைய நீரை மெதுவாகத் தள்ளும் பெரிய விசிறி, இரண்டும் அந்த உடலுக்கென்றே அளவெடுத்தவை. கியர் வைத்துப் புது எஞ்சினையும் பொருத்தலாம்தான். ஆனால் எடை மாறினால் படகு நீரில் அமரும் விதம் மாறும், எஞ்சின் தாங்கிகளை வெட்ட வேண்டிவரும். தேய்ந்த பழைய பேரிங்குக்கு வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிச் சுரண்டிப் பொருத்த ஒரு பட்டறை போதும்.

பலகையை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய படகுதானா என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாற்றத் தோதாகத்தான் தச்சன் அதைக் கட்டினான். எதை, எப்போது, எந்த மரத்தால் மாற்றினோம் என்று எழுதிவைத்தால் நேர்மை கெடாது. 1943-ல் கட்டி, நார்மண்டித் தரையிறக்கத்தில் பணியாற்றிய மெடூசா என்ற 72 அடி மர லாஞ்சைப் பெரும் மராமத்துக்குப் பிறகும் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் அது தண்ணீரில்தான் நிற்கிறது. அந்தக் காலத்துக் கார்ட்னர் டீசல் எஞ்சின்கள் இரண்டும் அதை ஓட்டுகின்றன.