பார்மட் அடிப்பதற்கு முன்

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துபோகும் மடிக்கணினிக்கு நம்மிடம் முதலில் சொல்லப்படும் வைத்தியம், பார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. நோய் என்னவென்று பார்க்கும் முன்பே கொடுக்கப்படும் இந்த மருந்து, நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. திருகோணமலையின் உட்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில் போன்ற இடங்களில் அந்த இழப்பு இன்னும் பெரியது. வெப்பம், உப்பு, ஈரம், மின்வெட்டு ஆகிய நான்கும் அங்கே ஒரே கருவியின் மீது வெவ்வேறு காலங்களில் வேலை செய்கின்றன. எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருக்கையில் அணைந்தது என்ற விவரம் இருந்தால் அவற்றைப் பெருமளவு பிரித்தறிய முடியும்.

வெப்பத்திலிருந்து தொடங்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறுகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். மடிக்கணினியின் விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள காற்றை உள்ளே இழுத்து, சூட்டை அதனிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரே வேலையைச் செய்யும் செயலி, அறைக் காற்றைவிட ஏறக்குறைய ஒரே அளவு கூடுதலான சூட்டில் நிற்கும். 24 பாகை அறையில் 84 பாகையில் நின்ற செயலி, 36 பாகை அறையில் 96 பாகையை நெருங்கும். பல மடிக்கணினிச் செயலிகளின் எல்லை சுமார் 100 பாகை. அதைத் தொடும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டித்துவிடும். காற்று வெளியேறும் தகடுகளில் தூசி அடைந்து, வெப்பப் பசையும் காய்ந்திருந்தால் அந்த எல்லை இன்னும் விரைவில் வரும். இயக்கி இருபது நிமிடம் கழித்து, வீடியோ ஓடும்போதோ பெரிய கோப்பைத் திறக்கும்போதோ அணைவதும், ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காக ஓடுவதும் சூட்டின் அடையாளங்கள். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள்: அறையில் மின்விசிறி இல்லை, கணினியோ பற்றரியில். முதுமையடைந்த லித்தியம் பற்றரியின் உள்மின்தடை கூடியிருக்கும். திடீரென வேலை ஏறும்போது அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும். திரையில் 40 சதவீதம் என்று காட்டியபடியே கணினி அணைவது இதனால்தான். சார்ஜர் செருகியிருக்கும்போது அப்படி நடப்பதே இல்லை என்றால் சந்தேகம் பற்றரியின் பக்கம் திரும்ப வேண்டும்.

உப்பின் கதை நுட்பமானது. கடற்காற்று கொண்டுவரும் நுண்ணிய உப்புத் துகள்கள் தூசியோடு சேர்ந்து மின்சுற்றுப் பலகையில் படிகின்றன. காய்ந்த உப்பு பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடுகிறது. கடலோர இரவுகளில், அதிலும் ஒக்டோபருக்குப் பின் மழைக்காலம் தொடங்கிவிட்டால், அந்த அளவு எளிதில் எட்டப்படும். கரைசலான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு செப்புத் தடங்களுக்கிடையே மெல்லிய கசிவு உண்டாகும். செம்பும் மெதுவாக அரிபடும். சூட்டால் அணையும் கணினிக்கு நேர்மாறாக, உப்புப் படிந்த கணினி காலையில் இயக்கியதும் தடுமாறி, சூடேறி உலர்ந்தபின் நேராகிவிடும். விரிசல் விட்ட ஈயப்பற்றும் சில வேளை இப்படியே நடந்துகொள்ளும். எதுவானாலும் பார்மட் அடித்துத் தீரக்கூடிய கோளாறு அல்ல.

கணினியும் தன் பங்குக்குச் சாட்சியம் எழுதிவைக்கிறது. விண்டோஸின் இவென்ட் வியூவரில் ‘கேர்னல் பவர் 41’ என்றொரு பதிவு இருக்கும். பலர் அதையே காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, கணினி முறைப்படி மூடப்படாமல் மறுபடி இயங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. பார்க்க வேண்டியது அதற்குள் இருக்கும் பக்செக் எண். அது சுழியமாக இருந்தால், விண்டோஸ் எதையும் எழுதிவைக்க அவகாசமின்றி மின்சாரம் போயிருக்கலாம், அல்லது கணினி அப்படியே உறைந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் விண்டோஸே தவறைக் கண்டு நீலத்திரையோடு நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே எண், அதே டிரைவரின் பெயர் என்றால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். எண் முறைக்கொன்றாக மாறிக்கொண்டே இருந்தால் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது, காசு செலவில்லை.

பார்மட் அடித்தபின் சரியாகிவிட்டதே என்று பலர் சொல்வார்கள். அது பொய்யல்ல. புதிதாகப் போட்ட விண்டோஸில் பின்னணியில் ஓடும் நிரல்கள் குறைவு, ஆகவே சூடும் குறைவு. பழைய நிரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்போது கோளாறும் திரும்பி வரும். மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் பத்து இலட்சம் கணினிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுச்சேர்க்கிறது. எட்டு மாதங்களில் குறைந்தது 30 நாட்கள் அளவுக்குச் செயலி உழைத்த கணினிகளில், செயலி சார்ந்த வன்பொருள் கோளாறால் நிலைகுலைய 190இல் ஒரு வாய்ப்பே இருந்தது. ஒருமுறை அப்படி நிலைகுலைந்த கணினி மறுபடியும் நிலைகுலையும் வாய்ப்போ 3.3இல் ஒன்று. வேகம் குறைத்து ஓட்டப்பட்ட கணினிகள் கணிசமாக நம்பகமாக இருந்தன என்பதும் அதே ஆய்வில் உண்டு. இதை வீட்டிலேயே ஒரு சோதனையாக மாற்றலாம்: பவர் அமைப்பில் செயலியின் உச்ச அளவை 100இலிருந்து 80 சதவீதமாக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் வெப்பமும் மின்வழங்கலும்தான் முதலில் சோதிக்க வேண்டியவை.

மென்பொருள் குற்றவாளியாவதே இல்லையா? ஆகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. ஆனால் கவனியுங்கள், அவை ஒன்றாக, ஒரே காரணத்தால் விழுந்தன. அலுவலகத்தில் பத்துக் கணினிகள் ஒரே புதுப்பிப்பை ஏற்றிருக்க, ஒன்று மட்டும் தினமும் அணைகிறதென்றால், புதுப்பிப்பை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. கடற்காற்றை மட்டும் பழிப்பதற்கும் இதே பதில்தான்: பத்தும் அதே காற்றைத்தான் இழுக்கின்றன, அந்த ஒன்றின் விசிறியையும் பற்றரியையும் பலகையையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற பெயரில் நீலத்திரைப் பதிவுகள் ஏதும் இருந்தால் அதையும் பென்டிரைவில் எடுத்து, அணைந்த நேரங்களை எழுதிய துண்டுக் கடதாசியோடு பழுதுபார்ப்பவரின் கையில் கொடுங்கள்.